சீர்நூலும் முரட்டுக் கயிறும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போக பஸ்ஸில் அரைமணி நேரம் பிடிக்கும். இந்த இரண்டு ஊர்களையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், பஞ்சு உள்ளே போய் உடையாக வெளியே வருவது வரைக்கும் இழைத்தொழிலின் எல்லாப் படிகளும் இங்கேயே நடக்கின்றன. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணி. தளவாய்புரம், முகவூரில் நைட்டி. சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை. இவை போக, எந்தத் தொழில் கணக்கெடுப்பிலும் வராத ஒரு வேலை ஆண்டாள் கோயிலுக்காக அன்றாடம் நடக்கிறது. நாரையும் இலையையும் பூவையும் வைத்துக் கட்டும் வேலை அது.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். ஆடிப்பூரத் தேரும் அதை ஒட்டித்தான் வரும். இந்தச் சமயத்தில் வெளியாகும் மலருக்கு எழுதச் சொன்னபோது, நம் பக்கத்து மரபுகளை வரிசையாக நிறுத்திப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மரபும் எதை நல்ல வேலை என்கிறது, எதைக் குறை என்று தள்ளுகிறது, அந்தத் தராதரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இன்றைக்குத் தேவை. அப்படிப் பார்க்கப் போனால் போலந்து நாட்டை விட்டுவிட முடியாது. இழைக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலுக்கு நேரெதிரான ஒன்றை உலகத்தின் முன்னால் தூக்கிப் பிடித்தவர்கள் அந்த நாட்டுப் பெண்கள்.

நான் நூற்பாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அதனால் மில்லிலிருந்தே தொடங்குகிறேன். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆலைகள் இந்த ஊருக்கு நூலூர் என்ற பேரை வாங்கித் தந்தன.

நூலுக்கு முதல் அளவு நம்பர். 840 கெஜம் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை நிற்கிறதோ, அது அந்த நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் நாற்பது கழி. நூறாம் நம்பர் நூலில் ஒரு பவுண்டை எடுத்து நீட்டினால் 76 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தடியில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை மதுரைக்குப் போய்விடும். ஆனால் மெலிவாக நூற்பது மட்டும் திறமையில்லை. அந்த 76 கிலோமீட்டரும் ஒரே சீராக இருக்க வேண்டும். மில்காரர்களுக்கு உயிரான தராதரம் இந்தச் சீர்தான்.

இதை அளக்கும் கருவி சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரத்திலிருந்து வந்தது. ஊர்ப்பேரே கருவிக்கும் பேராகி, ‘ஊஸ்டர் போட்டாச்சா?’ என்றுதான் ஆய்வுக்கூடத்தில் கேட்போம். இரண்டு சின்னத் தகடுகளுக்கு நடுவே நூல் ஓடும். நூலின் கனம் கூடினாலும் குறைந்தாலும் தகடுகளுக்கு இடையிலான மின் அளவு மாறும். அந்த மாற்றத்தைக் கருவி கோடாக வரைந்து காட்டும். சராசரியைவிட 50 சதவீதம் தடித்துப் போன இடங்கள், 50 சதவீதம் மெலிந்து போன இடங்கள், பஞ்சு சுருண்டு நிற்கிற நெப்ஸ் புள்ளிகள் ஆகியவை ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்கு வரும். அந்த நிறுவனம் 1957 முதல் உலகத்து ஆலைகளின் நூலை ஒப்பிட்டுப் புள்ளிவிவரம் வெளியிட்டு வருகிறது. உலகின் தலைசிறந்த ஐந்து சதவீத நூலுக்குள் நம் நூல் வந்துவிட்டது என்று தெரிந்தால் ஆய்வுக்கூடம் முழுக்க முகம் மலரும். அந்த மகிழ்ச்சி நியாயமானது. சீரில்லாத நூல் தறியில் அறுந்து அறுந்து நெசவாளியின் நாளையே தின்றுவிடும். நூற்பவர் காட்டுகிற கவனம் நெய்பவருக்குக் கிடைக்கிற கூலியாக மாறுகிறது.

அதே சுவிட்சர்லாந்தில்தான், ஊஸ்டர் புள்ளிவிவரம் வந்து ஐந்து வருஷம் கழித்து, 1962இல், லோசான் நகரத்தில் முதல் பன்னாட்டு நெய்சித்திரக் கண்காட்சி நடந்தது. பிரெஞ்சு ஓவியர் ஷான் லூர்சா அதற்கு முன்னின்றார். நெய்சித்திரம் என்றால் அன்றைக்கு ஓபுசோன் ஊர்ப் பட்டறைகள்தான். ஓவியர் வரைபடம் கொடுப்பார். அதில் எந்த இடத்துக்கு எந்தச் சாயக் கம்பளி என்று எண் போட்டிருக்கும். தறிக்காரர் அந்த எண்ணைப் பார்த்து நெய்து தருவார். பேர் ஓவியருக்கு. தறிக்காரரின் கை தெரியாமல் இருப்பதே அந்தப் பட்டறையின் சிறப்பு.

அந்த லோசான் கண்காட்சிக் கூடத்துக்குப் போலந்திலிருந்து வந்த வேலைகளைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். மாக்தலேனா அபகனோவிச், யோலாண்டா ஓவிட்ஸ்கா, வோய்ச்செக் சாட்லே முதலான கலைஞர்கள் எண் போட்ட வரைபடமே இல்லாமல், தாங்களே தறியில் உட்கார்ந்து நெய்தவர்கள். அபகனோவிச்சுக்கு அப்போது 32 வயது. கண்காட்சியில் சேர வேண்டுமானால் படைப்பு 12 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி. அவ்வளவு பெரிய தறி அவரிடம் இல்லை. மூத்த நெசவுக் கலைஞர் மரியா வாஷ்கியேவிச் வார்சாவில் தன் வீட்டு நிலவறைப் பட்டறையைத் திறந்துவிட்டார். அங்கே நெய்யப்பட்ட வெள்ளை வடிவங்களில் பருத்திக் கயிறு கயிறாகவே துருத்திக்கொண்டு நின்றது. தடித்த இடம், மெலிந்த இடம், முடிச்சு, பிசிறு என்று எங்கள் ஊஸ்டர் கருவி குறையாக எண்ணுகிற எல்லாமே அதில் இருந்தன. அவற்றை மறைக்க அவர் முயலவே இல்லை. பார்ப்பவர் கண்ணும் விரலும் முதலில் போகிற இடமாக அவற்றை ஆக்கியிருந்தார்.

இது வெறும் துணிச்சலில் வந்ததில்லை. போரில் தரைமட்டமான நாடு அது. நல்ல கம்பளிக்கும் சாயத்துக்கும் வழியில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்: சணல், குதிரை மயிர், கற்றாழை நார், துறைமுகத்தில் பழசாகிக் கழிந்த கப்பல் கயிறு. அபகனோவிச் அந்தக் கயிறுகளைப் பிரித்து, அலசி, வீட்டிலேயே சாயம் போட்டார். இல்லாமை மட்டும் இருந்திருந்தால் ஏழ்மையான துணிதான் மிஞ்சியிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பயிற்சி மரபும் இருந்தது. வார்சாவில் 1926இல் ‘வாட்’ என்ற கலைஞர் கூட்டுறவு தொடங்கியது. அதைச் சேர்ந்த எலியோனோரா புளுடின்ஸ்கா என்ற ஆசிரியர் நாட்டின் வடகிழக்கு மூலையில் யானூவ் என்ற கிராமத்துக்குப் போய், அங்கே பெண்கள் நெய்துவந்த இரட்டை அடுக்குக் கம்பளித் துணியை மீட்டெடுத்தார். கையால் நூற்ற கம்பளியையும் செடிச் சாயத்தையும் திரும்பக் கொண்டுவந்தார். நகரத்திலிருந்து வரைபடம் கொண்டுபோய்த் திணிக்கவில்லை. உன் மனசில் இருப்பதைத் தறியிலேயே யோசி என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். தன் கல்லூரி மாணவர்களிடமும் அதையே சொன்னார். போலந்துப் பள்ளி என்று உலகம் பின்னால் பேர் வைத்த தராதரத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நாரின் இயல்பு தெரிய வேண்டும், யோசிப்பவரும் நெய்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்ற இரண்டும் அதன் அடிப்படை.

1965இல் சாவோ பாலோ கண்காட்சியில் அபகனோவிச் தங்கப் பதக்கம் வாங்கினார். அதே ஆண்டு போஸ்னான் நகரக் கலைக்கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து 1990 வரை அங்கே கற்றுக்கொடுத்தார். அறுபதுகளின் நடுவில் அவருடைய நெசவு சுவரை விட்டே இறங்கிவிட்டது. கூரையிலிருந்து தொங்குகிற, உள்ளே புகுந்து பார்க்கலாம் என்கிற அளவு பெரிய உருவங்களுக்கு அவர் பேரை ஒட்டி ‘அபகன்’ என்றே பேர் விழுந்தது. 1969இல் செய்த சிவப்பு அபகன் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம். பொருள் கற்றாழை நார். நம் பக்கத்தில் ரயில்பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் முள் நீட்டிக்கொண்டு நிற்கிற கற்றாழையின் இனம்தான் அது. கிணற்றுக் கயிறு திரித்த பெரியவர்களுக்கு அந்த நாரின் வலுவும், கையில் ஏறுகிற அதன் அரிப்பும் நன்றாகத் தெரியும். 1969இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய நெய்சித்திரக் கண்காட்சியில் போலந்துக் கலைஞர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 2022 நவம்பரில் லண்டன் டேட் மாடர்ன் அபகன்களை ஒரே கூடத்தில் காடு மாதிரி தொங்கவிட்டது. அபகனோவிச் 2017இல் காலமாகிவிட்டார்.

இந்தத் தராதரத்தை மனசில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்பினால், பழகிப்போன பொருள்கள் வேறு மாதிரி கண்ணில் படுகின்றன. 

முதலில் பேண்டேஜ் துணி. சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓசை தெருவோடு தெருவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண குறுக்கு நெசவு. இழைக்கும் இழைக்கும் நடுவே வெளிச்சம் தாராளமாக வருகிற அளவுக்கு இடைவெளி விட்டு நெய்வார்கள். சேலை நெய்பவர் கண்ணுக்கு இது அரைகுறைத் துணி. ஆனால் இதற்குப் பரீட்சை வேறு. கஞ்சியையும் பஞ்சின் இயல்பான மெழுகையும் போக்கி, வெளுத்து எடுத்த துணியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் மெதுவாகப் போட வேண்டும். பத்து விநாடிக்குள் அது மூழ்கிவிட வேண்டும். மிதந்தால் தள்ளுபடி. மருந்தியல் நூல்கள் விதித்த தராதரம் இது. புண்ணிலிருந்து கசிவதைத் துணி எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சும் என்பது இந்தப் பத்து விநாடியில் தெரிந்துவிடும். 

அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாலு மடிப்பு போட்டாலும் விரல் நிழல் தெரியும். இழுத்த பக்கம் சாயும். விட்டால் பழைய சதுரத்துக்கு முழுசாகத் திரும்பாது. ஓரத்தில் ஒரு இழையை உருவினால் கட்டமெல்லாம் நெளிந்து அலையாகும். உலகத்து இழைக்கலைஞர்கள் இந்த நெளிவுக்காகவே மருத்துவத் துணியைத் தேடி எடுத்து வேலை செய்கிறார்கள். நாம் அதை மீட்டர் கணக்கில் சுருட்டி, பெட்டி கட்டி அனுப்புகிறோம். அதை நெய்கிற ஊரில் ஒரு பிள்ளைகூட அதை வைத்து ஓர் உருவம் செய்து பார்த்ததில்லை என்றால், அது பிள்ளையின் குற்றமில்லை. செய்து பார் என்று சொல்ல யாரும் இல்லாததுதான் காரணம். 

நைட்டித் தொழிலைப் பற்றி இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்வதற்கில்லை. அதன் தராதரம் வேகமும் விலையும். எத்தனையோ குடும்பப் பெண்களுக்கு வீட்டோடு வருமானம் தந்த தொழில் என்ற மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு. அங்கே மிச்சமாகிற வெட்டுத் துணிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேலை நெசவு வேறு உலகம். சுந்தரபாண்டியத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சாலியர் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாகத் தறியில் இருப்பவர்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவில் பாவை நீளமாக விரித்து, கஞ்சி தோய்த்து, இழையோடு இழை ஒட்டாமல் நீவிவிடுவது ஒரு காலத்தில் தினசரிக் காட்சி. பாவு தறிக்கு வந்ததும் ஒவ்வோர் இழையும் விழுதுக்குள் புகுந்து, அச்சின் பல்லுக்குள் புகுந்து வரும். அச்சு இரண்டு வேலை செய்கிறது. இழைகளைச் சம தூரத்தில் நிறுத்தி வைக்கிறது, நாடா போட்டுவிட்டுப் போன ஊடையை அடித்து நெருக்குகிறது. அடி ஒரே சீராக விழுந்திருக்கிறதா, கரை கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறதா, வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே பட்டை தெரிகிறதா என்றுதான் சேலையைப் பார்ப்பார்கள். காலையில் போட்ட அடிக்கும், சாயங்காலம் தோள் வலிக்கப் போட்ட அடிக்கும் வித்தியாசம் தெரியாமல் நெய்பவரே நல்ல நெசவாளி. அதாவது, தன் உடம்பின் களைப்பைத் துணியிலிருந்து முழுக்க அழித்துவிடத் தெரிந்தவர். இது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்பதை, ஒரு மணி நேரம் தறியில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

இந்த இடத்தில் மும்பையின் மோனிகா கொரியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1960களில் பாஸ்டனில் மரியான் ஸ்ட்ரெங்கல் என்ற நெசவுக் கலைஞரின் தொடர்பு கிடைத்து, தறிக்கு வந்தவர் அவர். நெய்துகொண்டிருக்கும்போதே தறியிலிருந்து அச்சைக் கழற்றிவிடுவது அவருடைய முறை. அச்சின் பிடி போனதும் பாவு இழைகள் நேர்கோட்டை விட்டு விலகி, ஆறு வளைவது போல வளைந்து ஓடும். அந்த ஓட்டத்தைக் கையால் வழிநடத்தியபடி நெய்து முடிப்பார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுகளை வாங்கி வைத்திருக்கிறது. நம் ஊர் நெசவாளி ஒருவரிடம் இதை விவரித்தால், முதலில் அவருக்கு வேதனையாகத்தான் இருக்கும். அச்சில்லாத தறி அவருக்குக் கைவிடப்பட்ட தறி. ஆனால் இழையின்மேல் அவருக்கு இருக்கிற ஆட்சி இந்த வேலைக்கு வேண்டிய ஆட்சிதான். சீராக நெய்யத் தெரிந்த கைக்குத்தான் எங்கே சீரை விடலாம் என்பதும் தெரியும்.

இந்தியாவில் தறியே இல்லாமல் இழையைச் சிற்பமாக்கியவர் மிருணாளினி முகர்ஜி. 1949இல் பிறந்து பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். சுப்ரமணியன் வடகேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பிறகு சாந்திநிகேதன் போனவர். 1959 முதல் இரண்டு ஆண்டுகள் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையில் பொறுப்பிலும் இருந்தார். ஓவியம் உயர்வு, கைத்தொழில் தாழ்வு என்ற பிரிவையே வகுப்பறைக்குள் விடாத ஆசிரியர். அவரிடம் வளர்ந்த மிருணாளினி, சணல்கயிறுகளுக்குச் சாயமேற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலான யட்சிகளையும் வனதேவதைகளையும் எழுப்பினார். முன்வரைபடம் கிடையாது. முடிச்சு எந்தப் பக்கம் போகச் சொல்கிறதோ அந்தப் பக்கம் உருவம் வளர்ந்தது. 2015இல் அவர் காலமானார். 2019இல் நியூயார்க் மெட் ப்ரூயர் அவருடைய வேலைகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. அவரை அபகனோவிச்சோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. அபகனோவிச்சின் உருவங்களில் போர் பார்த்த உடம்பு இருக்கிறது. எழுபதுகளின் பின்பாதியில் அவர் சாக்குத் துணியைப் பசையில் தோய்த்துச் செய்த தலையில்லாத முதுகுகள் அதற்குச் சாட்சி. மிருணாளினியின் உருவங்களில் இருப்பது கோயில் கருவறை வாசலில் நிற்கிற அச்சமும் வளமும்.

தமிழ்நாட்டில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, கலைஞர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணிதான். மெழுகும் சாயமும் வைத்து அவர்கள் செய்த துணிகளை விற்ற பணம் ஓவியம் தீட்ட நேரத்தை வாங்கித் தந்தது. ஆனால் துணி அங்கே பிழைப்புக்கான வழியாகவே நின்றுவிட்டது. போலந்தில் நடந்த மாதிரி துணியே கலையின் மையத்துக்கு வரவில்லை. சென்னைக் கலை இயக்கத்தின் மேல் எனக்குள்ள பெரிய ஆதங்கம் இதுதான். நெசவு நிறைந்த மாநிலத்தில் கல்லும் செம்பும் கித்தானும் பெற்ற இடத்தை இழை பெறவில்லை.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்கு வருகிறேன். போலந்துப் பள்ளியின் தராதரத்துக்கு நம் ஊரில் மிக நெருங்கி நிற்பது மில்லும் இல்லை, தறியும் இல்லை. ஆண்டாள் கையில் இருக்கிற கிளிதான். மரவள்ளி இலையால் உடம்பு. நந்தியாவட்டை இலையால் சிறகு. மாதுளம்பூவால் மூக்கு. மூங்கில் குச்சியால் கால். காக்காப்பொன்னால் கண். செவ்வரளி இதழும் சேரும். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது வாழைநார். ஒரு கிளி கட்ட நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலப் பூஜையில் ஆண்டாளின் இடக்கையில் ஏறும். மறுநாளைக்கு வேறு கிளி. பழைய கிளி பக்தர் வீட்டுக்குப் போய்விடும்.

அருகில் வைத்துப் பார்க்கும்போது இதன் நுட்பம் புரிகிறது. மரவள்ளி இலையைக் கிளி கட்டுபவர் வெட்டி வடிவப்படுத்துவதில்லை. இலை தானாக மடிகிற பக்கம் மடித்து, அதன் பச்சைப் பளபளப்பு வெளியே வரும்படி அடுக்கிக் கட்டுகிறார். மாதுளம்பூவின் வளைவு அப்படியே கிளிமூக்கு. வர்ணம் எதுவும் பூசுவதில்லை. பொருளின் இயல்பு எதுவோ அதுவே உருவத்தின் உறுப்பாகிறது. மாதிரி பரம்பரையாக வந்தாலும், இன்றைக்குக் கிடைத்த இலையின் அளவைப் பார்த்துக் கை முடிவெடுக்கிறது. இன்றைய கிளி நேற்றையதன் அச்சுப் பிரதியாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உயிரோடு இருக்கிற மாதிரி தோன்ற வேண்டும், அவ்வளவுதான். ஊஸ்டர் கருவியால் அளக்க முடியாத இன்னொரு தராதரம் நம் ஊரிலேயே காலங்காலமாக இருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாலையும் அப்படித்தான். புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கும், சித்திரையில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை போகிறது. வழியில் வாடக்கூடிய பொருளை, தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் கட்டுகிற வேலை அது. தேர்வடத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். 1972இல் எடின்பரோவில் போலந்துக் கலைஞர்களின் கண்காட்சி நடந்தபோது அபகனோவிச் தடித்த கயிறொன்றைக் கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து நகரத்துக்குள் ஓடவிட்டார். கட்டடத்தையும் தெருவையும் கயிறு ஒன்றாக்கிவிட்டது என்று அதைக் கொண்டாடினார்கள். ஆடிப்பூரத்தன்று நம் ரதவீதியில் வடம் தரையில் நீண்டு கிடக்கும்போது, ஊரே ஓடிவந்து அதைத் தொடுகிறது. தொட்டால் போதும் என்று தள்ளாத வயதிலும் வருகிறார்கள். அபகனோவிச் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

போலந்துக்கும் நம் மண்ணுக்கும் இழைத் தொடர்பு வேறு வழியாகவும் உண்டு. வார்சாவில் பிறந்த பொறியாளர் மாரிஸ் ஃபிரீட்மன் 1930களில் இந்தியா வந்து, பெங்களூரில் அரசு மின்சாதனத் தொழிற்சாலையை நடத்தினார். திருவண்ணாமலையில் ரமணரிடம் அமர்ந்தார். காந்தியின் சேவாகிராமத்தில் பாரதானந்தா என்று அறியப்பட்டார். அங்கே அவர் வடிவமைத்ததுதான் ‘தனுஷ் தக்ளி’ என்ற நூற்புக் கருவி. வில் போன்ற ஒரு கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தக்ளியைச் சுழல வைக்கும் எளிய சாதனம். எந்தக் கிராமத் தச்சரும் செய்துவிடலாம். காந்தி அதில் விரும்பி நூற்றார். ஃபிரீட்மனின் நண்பர் வாண்டா டைனோவ்ஸ்கா, உமாதேவி என்ற பேரில் சென்னையில் போலிஷ்–இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையை 1944இல் தொடங்கினார். திருக்குறளைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுபோனவர் அவர். காந்தி கலை மன்றத்துக்குத் தன் வீட்டையே கொடுத்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊரான ராஜபாளையத்தில், கதரும் கைராட்டையும் பேசப்பட்ட இடங்களில், இந்த இரண்டு பேரின் பேரும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய போலந்து என்ன செய்கிறது? அதற்கு வூச் நகரத்தைப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்துக்காரர்களுக்கு அந்த ஊர் சட்டென்று புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்பாலைகளால் எழுந்த நகரம் அது. 1830களில் லூட்விக் கெயர் கட்டிய வெள்ளை ஆலைக் கட்டடத்தில் இப்போது மத்திய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 1972இல் தேசிய அளவில் தொடங்கிய மூன்றாண்டுக் கண்காட்சி, 1975 முதல் பன்னாட்டுக் கண்காட்சியாக நடந்து வருகிறது. லோசான் கண்காட்சி 1995இல் நின்றுபோன பிறகு, உலகத்து இழைக்கலைஞர்கள் கூடுகிற பழைய இடமாக வூச் நிலைத்துவிட்டது. அந்த ஊர்க் கலைக்கல்லூரி 1945இல் தொடங்கியபோது, ஆலைக்குத் துணி வடிவமைக்க ஆள் தயாரிப்பதும் அதன் வேலையாக இருந்தது. அதே மரபில் வந்த வொஜிமியெஷ் சிகன், ஒளியிழைகளைத் தறியில் ஏற்றி, தானாக வெளிச்சம் விடுகிற நெசவுகளைச் செய்கிறார். 2022 வெனிஸ் கண்காட்சியில் போலந்தின் கூடத்தை நிரப்பியவர் ரோமா இனத்துப் பெண் மௌகொஷாட்டா மிர்கா-தாஸ். சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் உடுத்திக் கழித்த துணிகளை வெட்டித் தைத்து, தன் மக்களின் வாழ்க்கையைச் சுவர் உயரத்துக்கு ஆக்கினார். ஒரு நாட்டின் பேரால் அந்தக் கண்காட்சியில் நின்ற முதல் ரோமா கலைஞர் அவர். தளவாய்புரத்து வெட்டுத் துணி மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

வூச் நகரத்தின் கதையில் ஒரு வருத்தமும் உண்டு. 1989க்குப் பிறகு அங்கே ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஒரு பெரிய ஆலை வளாகம் 2006இல் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. நமக்கு அந்த நிலை வரவில்லை. கதிர் ஓடுகிறது, விசைத்தறி ஓடுகிறது, கைத்தறியும் குறைந்த எண்ணிக்கையில் ஓடுகிறது, கிளியும் அன்றாடம் பிறக்கிறது. தொழில் உயிரோடு இருக்கும்போதே அதன் பொருள்களைச் சேர்த்து வைக்கிற வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

நான் கேட்பது பெரிய கட்டடத்தையில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற நம் இரண்டு ஊர்களில் ஏதாவது ஒன்றில் நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறை போதும். அங்கே நூறாம் நம்பர் நூலின் ஒரு கழியும் அதன் ஊஸ்டர் வரைகோடும் இருக்கட்டும். பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் தண்ணீரும் பேண்டேஜ் துணியும் வைத்து, பிள்ளைகள் தாங்களே பத்து விநாடி எண்ணிப் பார்க்கட்டும். கழற்றின அச்சும் விழுதும் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். கற்றாழை நார் ஒரு கட்டு, வாழைநார் ஒரு கட்டு, திரிப்பதற்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வாரத்தில் ஒருநாள். பள்ளி விடுமுறையில் வெட்டுத் துணி மூட்டையை அவிழ்த்துப் பிள்ளைகள் முன்னால் கொட்டிவிடலாம். இந்த அறையிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு வேலையாவது வூச் கண்காட்சிக்கு விண்ணப்பமாகப் போகட்டும். தேர்வாகாமல் திரும்பினாலும் பரவாயில்லை.

சேலைகளையும் அங்கே வைக்க வேண்டும். வைக்கும்போது கூட்டுறவுச் சங்கத்தின் பேர் மட்டும் போதாது. பாவு நூல் என்ன நம்பர், ஊடை என்ன நம்பர், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி, அவற்றுக்கு மேலே, பெரிய எழுத்தில், நெய்தவரின் பேரைப் போட வேண்டும். பாவு புணைத்துக் கொடுத்தவரும் தார் சுற்றிக் கொடுத்தவரும் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்களாக இருப்பார்கள். அவர்கள் பேரையும் விசாரித்து எழுத வேண்டும். அந்தப் பேர்களைக் கேட்டுக் குறிக்கிற வேலையை இந்த ஆடியிலேயே தொடங்கிவிடலாம். தெருத்தெருவாகப் போக என்னோடு வருகிறவர்கள் சொல்லுங்கள்.